புள்ளி வலப்பக்கம் நகர்ந்தால்

நிவேதிதாவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவள் சிரிப்பை ஷாகிதாவுக்குத் தெரியும். மாலையில் மஃரிப் தொழுதுவிட்டு வந்ததும் வசீம் கூடத்தில் பாய் விரித்து உட்காருவான். எழுதக் கை வேண்டும் என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டு முட்டிக்கருகே வைத்துக்கொள்வான். அடுப்படியில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருக்கும் ஷாகிதாவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்கும்.

"ஐந்நூறு வோல்ட் குடுக்கிறோம் வசீம். லீக் ஆகிற கரண்ட் ரெண்டு மைக்ரோ ஆம்பியர். ஐந்நூறை அஞ்சு இன்ட்டு பத்தோட பவர் ரெண்டுன்னு எழுதுங்க. மைக்ரோன்னா பவர் மைனஸ் ஆறு. இப்ப வகுங்க, இன்சுலேஷன் எவ்ளோன்னு வரும்."

"அஞ்ச ரெண்டால வகுத்தா ரெண்டரை. பவர் ரெண்டுல மைனஸ் ஆறு போச்சுன்னா... மைனஸ் நாலா?"

"ஐயோ வசீம்! மைனஸைக் கழிச்சா கூடும்ல? எட்டு. ரெண்டரை இன்ட்டு பத்தோட பவர் எட்டு."

சிரிப்பு. அவனும் சேர்ந்து சிரித்தான். "எனக்கு இது மண்டையில ஏறவே மாட்டேங்குது நிவேதிதா. மறுபடி ஒரு தபா சொல்லேன்."

ஷாகிதாவின் கையில் சப்பாத்திக் கட்டை நின்றது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள் செய்யும் ஒரு கம்பெனியில், சோதனைப் பிரிவில் வசீமுக்கு வேலை. அந்தப் பிரிவின் இன்சார்ஜ் ஓய்வு பெறப்போகிறார். அடுத்த இன்சார்ஜைப் பரீட்சை வைத்துத்தான் எடுப்போம் என்று மேனேஜர் ஞானசேகரன் சொல்லிவிட்டார். கால்குலேட்டர் கிடையாது. மீட்டர் காட்டுவதைக் கையால் ஒருமுறை போட்டுச் சரிபார்க்கத் தெரியாதவனை அந்த நாற்காலியில் உட்காரவைக்க மாட்டேன் என்பது அவர் கட்சி. நிவேதிதா கோவில்பட்டிப் பெண், பி.இ. படித்துவிட்டுப் போன வருஷம்தான் சேர்ந்தவள். அவளும் அதே பரீட்சையை எழுதுகிறாள். ஆனாலும் வசீம் கேட்டதும் சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டாள்.

இதெல்லாம் வசீம் மறைக்காமல் சொன்னதுதான். தவறாக நடக்கிறவன் ஸ்பீக்கரில் போட்டுப் பேசமாட்டான் என்பதும் ஷாகிதாவுக்குத் தெரியும். அவளை அறுத்தது வேறு. வாஷிங் மெஷின் ஓடாமல் நின்றபோது அவள் ஒரு யோசனை சொன்னாள். "எனக்குத் தெரியும், நீ போ" என்றான். மகள் சஹரின் பள்ளி விண்ணப்பம் கம்ப்யூட்டரில் ஏறாமல் திணறியபோதும் அதே பதில். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவளிடம் ஒருமுறைகூட 'தெரியலை' என்று அவன் சொன்னதில்லை. அந்தச் சொல்லை முகம் தெரியாத ஒருத்திக்கு, சிரித்துக்கொண்டே, மாலைக்கு மாலை எடுத்துக் கொடுக்கிறான். அவளுக்கு மட்டும் வாரி இறைக்கிறான், எனக்கு ஒரு துளி கிடையாதா என்று ஷாகிதாவின் வயிறு எரிந்தது.

ஷாகிதா பூந்தமல்லிக்காரி, பி.காம் படித்தவள். பள்ளியில் கணக்கில் கெட்டிக்காரி என்று பேரெடுத்திருந்தாள். சஹர் பள்ளிக்குப் போனபிறகு, மத்தியான வேளைகளில், போனில் கணக்குப் பாடங்களைத் தேடிப் பார்க்க ஆரம்பித்தாள். கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கம் போட்டுப் பார்த்தாள். பெருக்கினால் முன்னால் இருக்கும் எண்களைப் பெருக்கு, பவர்களைக் கூட்டு. வகுத்தால் எண்களை வகு, பவர்களைக் கழி. இவ்வளவுதானா? இதற்கா தினமும் அத்தனை சிரிப்பு?

ஒரு மாலை, கூடத்தில் வசீம், "மூணு இன்ட்டு பத்தோட பவர் நாலு, ரெண்டு இன்ட்டு பத்தோட பவர் மூணு. பெருக்கினா ஆறு... பவர் பன்னெண்டு" என்றான்.

ஷாகிதா அடுக்களை வாசலுக்கு வந்துவிட்டாள். "பவரையும் பெருக்கிட்டீங்க. கூட்டணும். ஏழு."

போனில் நிவேதிதாவின் குரல்: "யாரு, வீட்லயா? கரெக்டா சொல்றாங்களே!"

வசீமின் காதுமடல் சிவந்தது. "அவ சும்மா இன்னாத்தையோ சொல்றா" என்று போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து பேச்செல்லாம் மாடிப்படியில்தான். சிரிப்பு மட்டும் படியிறங்கி வந்தது. அன்றைய சப்பாத்திகள் எல்லாம் கருகின.

பரீட்சைக்கு முந்தின நாள், அவர்கள் குடியிருந்த கள்ளிக்குப்பத்தில் நல்ல மழை. மாடிப்படி நனைந்ததால் அவன் கூடத்திலேயே உட்கார வேண்டியதாயிற்று. நிவேதிதா ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தாள் போல. பின்னால் அறிவிப்புச் சத்தம் கேட்டது.

"கடைசிக் கணக்கு வசீம். ஆயிரத்து ஐந்நூறு வோல்ட், ஆறு மைக்ரோ ஆம்பியர்."

அவன் மெதுவாகப் போட்டான். "ஒண்ணரைய ஆறால வகுத்தா புள்ளி ரெண்டு அஞ்சு. பவர் மூணும் ஆறும் ஒம்போது. புள்ளி ரெண்டு அஞ்சுன்னு வெச்சா ஒத்துக்க மாட்டாங்க, ரெண்டரை ஆக்கணும். அப்ப பவர் எட்டு... கரெக்டா?"

"இல்ல வசீம், பவர்ல ஒண்ணு கூட்டணும். பன்னெண்டை ஒண்ணு புள்ளி ரெண்டு ஆக்கினப்ப கூட்டினோம்ல? அதே மாதிரிதான். புள்ளிய நகர்த்தினா கூட்டுங்க. பத்து. சரி, ட்ரெய்ன் வந்துருச்சு. நல்லா எழுதுங்க."

ஷாகிதா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். தப்பு. பன்னிரண்டை ஒன்று புள்ளி இரண்டு ஆக்கினால் எண் சிறுத்துப்போகிறது, அதனால் பவர் கூடும். புள்ளி இரண்டு ஐந்தை இரண்டரை ஆக்கினால் எண் பெரிதாகிறது. பவர் குறைந்தாக வேண்டும். காலண்டர் தாளில் வேறு வழியாகவும் போட்டுப் பார்த்தாள். பத்தின் பவர் ஒன்பது என்றால் நூறு கோடி. நூறு கோடியில் கால் பங்கு இருபத்தைந்து கோடி. அது இரண்டரை இன்ட்டு பத்தின் பவர் எட்டுதான். நிவேதிதா சொன்ன கணக்குப்படி இரண்டாயிரத்து ஐந்நூறு கோடி ஆகிவிடும். வசீமே முதலில் சரியாகச் சொன்னான். அவள்தான் கெடுத்துவிட்டாள்.

நிவேதிதா தப்புப் பண்ணிவிட்டாள்! அடுப்பைத் தணிக்கக்கூட மறந்து நின்றாள் ஷாகிதா. நோன்பு திறக்கும்போது தொண்டையில் இறங்கும் முதல் மிடறு தண்ணீர்போல இருந்தது.

உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் இப்போது சொன்னால் அவளுக்கே போன் போட்டுக் கேட்பான். அவள் திருத்திக்கொள்வாள், மறுபடி சிரிப்பார்கள். காலையில், கிளம்புகிற நேரத்தில் சொன்னால் யாரையும் கேட்க நேரம் இருக்காது. அப்போது தன் சொல்லைத்தான் அவன் எடுத்துக்கொண்டு போகவேண்டும்.

காலையில் வசீம் குளித்துக்கொண்டிருந்தான். போன் சார்ஜில் கிடந்தது. சஹர் கார்ட்டூன் பார்ப்பதால் அதன் பூட்டு எண் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். செய்தி வந்த ஒலி கேட்டு ஷாகிதா எடுத்துப் பார்த்தாள்.

'வசீம், நேத்து அவசரத்துல தப்பா சொல்லிட்டேன். புள்ளி வலப்பக்கம் போனா பவர் குறையும். நீங்க சொன்ன எட்டுதான் சரி. ஸாரி. கூட்டிடாதீங்க.'

ஷாகிதாவுக்கு முகத்தில் அடித்ததுபோல் இருந்தது. இரவெல்லாம் அவள் பொத்தி வைத்திருந்த ஒன்றை, விடிந்ததும் விடியாததுமாக வந்து பிடுங்கிக்கொண்டு போகிறாளே! இதையும் இவளேதான் சொல்ல வேண்டுமா? குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. ஷாகிதாவின் விரல் அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்தது. அழித்தாள். போனை இருந்த இடத்திலேயே வைத்தாள். அவனைத் தோற்கடிக்க வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. அதே விஷயம் தன் வாயால் போகட்டும் என்றுதான் நினைத்தாள்.

டீயைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள். "நேத்து அவங்க சொன்னது தப்புங்க. புள்ளி ரெண்டு அஞ்ச ரெண்டரை ஆக்கினா பவர் குறையணும். எட்டுதான்."

வசீம் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "எது?" என்றான்.

"நூறு கோடியில கால் பங்கு எவ்ளோ? நீங்களே சொல்லுங்க."

"பரீச்சைக்குப் போற நேரத்துல கோடி, கால்பங்குன்னுகினு... கொழப்பாத ஷாகிதா. அவ பி.இ. படிச்சவ. டெய்லி இதே வேலையா கீறா. அவளுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சரி சரி, துவா செய். அது போதும்."

ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். 'அவளே மெசேஜ் போட்டிருந்தா' என்று சொன்னால் முடிந்தது. அது தொண்டைவரை வந்தது. ஆனால் அதைச் சொன்னால் அழித்ததையும் சொல்ல வேண்டும். அதைவிட, அவள் பெயரைச் சொன்னதும் அவன் நம்பிவிடுவான். என் பெயருக்கு ஒரு மதிப்பும் இல்லையா? வண்டி கிளம்பிப் போன சத்தம் அடங்கும்வரை வாசலிலேயே நின்றாள். பரீட்சை தொடங்குவதற்குள் ஒரு போன் போட்டிருக்கலாம். கையில் எடுத்தாள், வைத்தாள். பட்டால்தான் புத்தி வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பட்டது. நிவேதிதா இன்சார்ஜ் ஆனாள். வசீமைக் கூப்பிட்டு ஞானசேகரன் தாளைக் காட்டினாராம். "எல்லாம் சரியாப் போட்டுட்டு, கடைசிப் படியில கோட்டை விட்டுட்டியேப்பா. இருக்கிறதைவிட நூறு மடங்கு இன்சுலேஷன் இருக்குன்னு எழுதி வச்சிருக்க. இந்த ஒரே தப்பு மூணு கணக்குல." அந்தக் கணக்குகள் சரியாக வந்திருந்தால் அந்த நாற்காலி வசீமுடையது.

வீட்டுக்கு வந்ததும் வசீம், "வேணும்னே தப்பா சொல்லிக் குடுத்துகீறா" என்றான். "நான் எட்டுன்னு கரெக்டாத்தான் சொன்னேன். அவதான் பத்துன்னா. சிரிச்சு சிரிச்சுப் பேசி கழுத்தறுத்துட்டா."

காலையில் நீதானே சொன்னாய் என்று அவன் கேட்பான் என ஷாகிதா எதிர்பார்த்தாள். கேட்கவில்லை. அவள் சொன்னது அவன் நினைவிலேயே இல்லை.

அதன்பிறகு போன் பேச்சு நின்றது. மாலைகளில் அவன் ஷாகிதாவின் எதிரே உட்கார்ந்து நிவேதிதாவைத் திட்டினான். தட்டில் சோறு போட்டுக்கொண்டே கேட்கும்போது ஒவ்வொரு வசவும் அவளுக்கு இனித்தது. அந்த இனிப்பை அவள் மறைத்துக்கொண்டாள். வேலியை ஒட்டிப் படர்ந்திருந்த ஒரு கொடியை யாரோ வந்து வெட்டிக் கொடுத்த மாதிரி. ஆனால் ஓர் எண்ணம் மட்டும் அடிக்கடி வந்தது. அவன் இப்போதும் அவளைப் பற்றித்தான் பேசுகிறான். முன்பு சிரிப்பு, இப்போது வசவு. வீட்டுக்குள் வருவது அவள் பெயர்தான்.

நசரத்பேட்டையில் ஒரு மண்டபத்தில் உறவுக்காரர் வீட்டு வலிமா, கல்யாண விருந்து. மத்தியானம் பிரியாணி முடிந்து வண்டி நிறுத்தும் இடத்துக்கு வந்தபோது, வசீம் தன் கூட்டாளி பைசலோடு நின்று பேசிக்கொண்டிருந்தான். ஷாகிதா சற்றுத் தள்ளி நின்றாள்.

"நாளைக்கு மேனேஜராண்ட கம்ப்ளெய்ன்ட் எழுதிக் குடுக்கப் போறேன் மச்சான். கூட வேலை செய்ற கோதண்டம் அண்ணாத்தே சாட்சிக்கு வர்றேன்னு சொல்லிக்கீறாரு. செக்‌ஷன்ல ஒருத்தனும் அவகூட பேசறதில்ல. கேன்டீன்ல தனியாத்தான் துன்றா."

"பொம்பளப்புள்ளடா மச்சான், வேலையே போயிடப் போகுது."

"போகட்டும்."

சஹர் பைசலின் பிள்ளைகளோடு விளையாட இருந்துவிட்டாள். இருவர் மட்டும் வண்டியில் கிளம்பினார்கள். பெங்களூர் நெடுஞ்சாலையில் லாரிகள் உரசிக்கொண்டு போயின. ஷாகிதாவின் கண்முன் ஒரு கேன்டீன் மேஜை. அதன் எதிர்ப்பக்கம் காலி. அவள் பார்த்தேயிராத முகம் தலைகுனிந்து சாப்பிடுகிறது. இத்தனை நாளும் அதைத்தானே விரும்பினாள்?

"வண்டிய நிறுத்துங்க."

"இன்னா ஆச்சு? வாந்தி வருதா?"

"நிறுத்துங்க."

பூந்தமல்லிக்கு முன்னால் ஒரு பஞ்சர் கடையை ஒட்டி நிறுத்தினான். அவள் இறங்கி, அவன் முகத்தைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். செய்தி வந்தது, அதில் என்ன எழுதியிருந்தது, தான் அழித்தது.

வசீம் ஹெல்மெட்டைக் கழற்றினான். புரிந்துகொள்ள அவனுக்கு நேரமாயிற்று.

"நீயா?"

"நான்தான்."

"அப்ப காலைல நீ எங்கிட்ட சொன்னியே... எட்டுன்னு..."

"சொன்னேன்."

"மெசேஜ் வந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எழுதியிருப்பேனே! ஏன் சொல்லல?"

"அவங்க சொன்னாங்கன்னா நம்பியிருப்பீங்க. நான் சொன்னேன்னு நம்பணும்னு இருந்துச்சு. அவங்ககிட்ட புரியலை புரியலைன்னு அவ்ளோ சந்தோசமா சொன்னீங்க. எங்கிட்ட ஒரு நாள் சொன்னதுண்டா? எனக்கு எரிஞ்சுது. அழிச்சிட்டேன்."

பஞ்சர் கடைக்காரர் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே இவர்களைப் பார்த்தார். வசீம் வண்டியின் மேல் கையை ஊன்றி நின்றான். கத்துவான் என்று நினைத்தாள். அவன் கத்தவில்லை.

"செக்‌ஷன் பூரா அவளத் திருடின்னு சொல்லி வெச்சுகீறேன்" என்றான். "இன்னா மூஞ்சிய வெச்சிகினு போவேன்?"

"நான் வர்றேன். இப்பவே போலாம்."

"நீ வராத. நான் பாத்துக்கறேன், மெசேஜப் பாக்காம உட்டுட்டேன்னு சொல்லிக்கறேன்."

"வேணாங்க. நான்தான் செஞ்சேன்."

ஆவடி வழியாக அம்பத்தூர் போய்ச் சேர்ந்தார்கள். நிவேதிதா இரண்டு தோழிகளோடு ஒரு அடுக்குமாடியில் வாடகைக்கு இருந்தாள். கதவைத் திறந்தவளைப் பார்த்ததும் ஷாகிதா திகைத்தாள். மனசுக்குள் அவள் வரைந்து வைத்திருந்த அழகி இல்லை அது. கண்ணுக்கடியில் கருவளையத்தோடு, எண்ணெய் வைத்துப் பின்னிய தலையோடு, களைத்துப்போன ஒரு சின்னப்பெண். வசீமைக் கண்டதும் அவள் முகம் இறுகியது.

"இங்கயும் வந்தாச்சா? இன்னும் என்ன மிச்சம் வச்சிருக்கீங்க?"

"அவர் இல்லம்மா, நான்தான் பேச வந்தேன்" என்றாள் ஷாகிதா. நின்றபடியே சொன்னாள். எதையும் குறைக்கவில்லை. வசீம் வாசற்படியில் தலைகுனிந்து நின்றிருந்தான்.

நிவேதிதா தன் போனை எடுத்து ஷாகிதாவிடம் நீட்டினாள். அந்தச் செய்தி, பக்கத்தில் இரண்டு நீலக்கோடுகள். "படிச்சுட்டுத்தான் இப்படிப் பேசுதாருன்னு நெனச்சேன். நான் திருத்தி அனுப்பினதையும் பாத்துட்டு, தோத்ததுக்கு எம்மேல பழி போடுதாருன்னு. இதை எல்லார்கிட்டயும் காட்டியிருக்கலாம். எதுக்குக் காட்டணும்னு ஒரு வீம்பு. என்னைப் பாத்தா ஏமாத்துறவ மாதிரியா இருக்குன்னு தினமும் வந்து அழுதேன்."

"மன்னிச்சுக்கம்மா."

"பரவாயில்லைன்னு என்னால சொல்ல முடியாதுக்கா. எனக்கு ரொம்ப வலிச்சிருச்சு." போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "நான் சொன்னது தப்புன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

"நூறு கோடியில கால் பங்கு ரெண்டாயிரம் கோடிக்கு மேல போகாதுல்ல?"

நிவேதிதா அவளை உற்றுப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "எனக்கு அப்படித் தோணல" என்று மட்டும் சொன்னாள். தண்ணீர்கூடத் தரவில்லை. அவர்களும் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் டீ வேளையில் வசீம் எல்லோர் முன்னாலும் சொன்னான். நிவேதிதா தப்பைத் திருத்தி அனுப்பியிருந்தாள், அது என் வீட்டில் தவறிப்போயிற்று, நான் விசாரிக்காமல் பேசிவிட்டேன் என்று. "இன்னா நைனா, இத்தினி நாளு வேற கத சொன்ன?" என்று கோதண்டம் கேட்டாராம். சிலர் நம்பினார்கள், சிலர் இன்சார்ஜுக்குப் பயந்து பல்டி அடிக்கிறான் என்றார்கள். அந்தக் கேலியை அவன் வெகுநாள் சுமந்தான். நிவேதிதாவின் மேஜையில் மறுபடி ஆட்கள் உட்கார்ந்தார்கள். அவள் அவனை வசீம் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். வசீம் சார் என்றாள். வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு சொல் அதிகம் பேசவில்லை.

வீட்டிலும் புழுக்கம்தான். ஒரு வாரம் அவன் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவான். ஒரு ராத்திரிச் சாப்பாட்டின்போது, "நீ செஞ்சது தப்பு" என்றான். "தப்புதான்" என்றாள். "நானும் உன் பேச்சக் கேட்டிருக்கணும்" என்று தட்டைப் பார்த்துச் சொன்னான்.

மழைக்காலம் முடிந்தபிறகு, ஆவடியில் வேறொரு கம்பெனிக்கு டெஸ்டர் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. அங்கேயும் எழுத்துத் தேர்வு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷாகிதாவே கணக்குகளைச் சொல்ல, வசீம் போட்டான். பாதியில் பேனாவை வைத்துவிட்டு, "நிவேதிதா புதுசா ஒரு டெஸ்ட் பெஞ்ச் போட்டுகீறா. சூப்பரா கீது. மூள தான் அவளுக்கு" என்றான்.

"எனக்கு இப்பவும் பொறாமையாத்தான் இருக்கு" என்றாள் ஷாகிதா.

வசீம் நிமிர்ந்து பார்த்தான். அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. பேனாவைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

"ஏழு இன்ட்டு பத்தோட பவர் மைனஸ் ரெண்டு" என்றாள் அவள். "எழுதுங்க."